பொம்மசந்திராவில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் மோதலும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூருக்குத் தெற்கே ஓசூர் சாலையில் இருக்கும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில், வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 2023-இன் தொடக்கத்தில் நடந்தது இது. அங்கே சுமார் 600 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் கணிசமானவர்கள் தமிழர்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் உண்டு. அத்திப்பள்ளியிலோ சந்தாபுராவிலோ வீடு எடுத்துக் குடும்பத்தோடு தங்கிவிட்டவர்களும் உண்டு.

அப்போது அமலில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும். இங்கேயும் இருந்தது. எல்லோரும் அதை ஓ.எச்.சி. (ஆக்குபேஷனல் ஹெல்த் சென்டர்) என்றுதான் சொல்வார்கள். பகலில், தொழிற்சாலையோடு ஒப்பந்தம் செய்திருந்த எங்கள் கிளினிக்கிலிருந்து வாரத்தில் சில நாள் ஒரு மருத்துவர் போவார். இரவில் ஒப்பந்த அடிப்படையில் ஒரு நர்ஸ் மட்டும் இருப்பார். ஆண்டு மருத்துவப் பரிசோதனை, காது, கண், நுரையீரல் சோதனைகள் எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தன. போதைப்பொருள் பரிசோதனை அதில் இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் தணிக்கைக்காக நிர்வாகமே ஒரு கொள்கை எழுதி, சிறுநீர்ச் சோதனைக் கிட் வாங்கி ஓ.எச்.சி. அலமாரியில் வைத்திருந்தது. விபத்து நடந்தால் சம்பந்தப்பட்டவருக்குச் சோதனை, பாசிட்டிவ் வந்தால் சஸ்பென்ஷன். கொள்கை மொத்தமே இவ்வளவுதான்.

நம் நாட்டில் எல்லாத் தனியார் தொழிற்சாலைகளுக்கும் பொதுவாக இதற்கென ஒரு சட்டம் கிடையாது. விமானத் துறைக்கு அதன் ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி இருக்கிறது. 2022 ஜனவரி 31 முதல் அமலில் உள்ள அந்த விதியில் முதல்கட்டச் சோதனை, உறுதிப்படுத்தும் சோதனை என்று இரண்டு படிகள் தெளிவாக உண்டு. தொழிற்பேட்டைகளில் பெரும்பாலும் அவரவர் எழுதிக்கொள்வதுதான் கொள்கை. இந்தத் தொழிற்சாலையின் கொள்கையில் இரண்டாவது படி இல்லை.

அன்று இரவு

தை மாதத்து ஒரு திங்கட்கிழமை, செகண்ட் ஷிஃப்ட். இரவு எட்டே முக்கால் மணி இருக்கும். டிஸ்பாட்ச் பகுதியில் ஒரு ஃபோர்க்லிஃப்ட், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய் ரேக்கின் காலில் மோதியது. மேலே இருந்த ஒரு பேலட் சரிந்து பாகங்கள் கொட்டின. யாருக்கும் அடி இல்லை. ஓட்டியவர் நாற்பதுகளின் நடுவில் இருப்பவர், தருமபுரி மாவட்டத்துக்காரர், அங்கே 11 வருட அனுபவம். அதற்கு முன் அவர் பேரில் ஒரு விபத்துகூடப் பதிவாகவில்லை.

கீழே இறங்கியதும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார் என்று உடனிருந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். சட்டை நனைந்திருந்தது. கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் வரவில்லை. யாரோ கேன்டீனிலிருந்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்து முடித்த கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். இந்த விவரம் அன்றைய விபத்து அறிக்கையில் இல்லை. ‘ஆபரேட்டர் மந்தமாக இருந்தார், பேச்சு குழறியது’ என்று மட்டும் இருந்தது. டீ குடித்தால் தெளிகிற போதை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஓ.எச்.சி.யில் முதலில் மூச்சில் ஆல்கஹால் பார்த்தார்கள்; பூஜ்யம். பத்தேகால் மணிக்குச் சிறுநீர் எடுத்தார்கள். கப்பின் பக்கவாட்டிலேயே பட்டைகள் ஒட்டியிருக்கும் பல்பொருள் கிட் அது. இந்தப் பட்டைகளில் கோடு விழுந்தால் நெகட்டிவ், விழாவிட்டால்தான் சந்தேகம். பார்த்துப் பழகாதவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடுவதும் உண்டு. அந்த நர்ஸ் சரியாகவே படித்தார். அபினியில் உள்ள போதைப் பொருளான மார்ஃபினுக்குரிய பட்டையில் கோடு விழவில்லை.

அடுத்து நடந்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கப்பைப் படம் எடுத்து எச்.ஆர். அதிகாரிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். பதினோரு மணிக்குள் அந்தப் படம் ஷிஃப்ட் குழுவில் வந்துவிட்டது, யார் வழியாக என்று கடைசிவரை தெரியவில்லை. செக்யூரிட்டி இருவர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள். கம்பெனி பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. லாரி ஒன்றைப் பிடித்து வீடு போயிருக்கிறார்.

மறுநாள் காலை

செவ்வாய்க்கிழமை எங்களைக் கூப்பிட்டார்கள். என்ன நடந்தது என்று ஆராயச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஷோகாஸ் நோட்டீஸோடு இணைக்க மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு சான்றிதழ் வேண்டும், ‘போதைப்பொருள் பாசிட்டிவ்’ என்று.

நாங்கள் தர மறுத்தோம். கப்பில் இருக்கும் பட்டை ஒரு வடிகட்டி. சந்தேகமில்லாதவர்களைச் சீக்கிரம் கழித்துவிடத்தான் அது பயன்படும். மார்ஃபினைப் போன்ற வடிவம் உள்ள பலவற்றையும் அது பிடிக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், சாதாரணமாக எழுதித் தரும் லெவோஃப்ளாக்சசின்கூடச் சில கிட்களில் அந்தக் கோட்டை மறைத்துவிடும். பொருளைத் துல்லியமாக அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற ஆய்வக முறையில் உறுதிப்படுத்தி, ஒரு மருத்துவர் சம்பந்தப்பட்டவரோடு பேசிய பிறகுதான் அது ஒரு முடிவு ஆகும்.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ‘நாளைக்கே அவர் யார் மேலாவது ஏற்றிவிட்டால் பொறுப்பு யாருது?’ என்று பிளான்ட் மேனேஜர் கேட்டார். இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கட்டிக் கிடந்தன. இவர் இப்போது வண்டி ஓட்டலாமா என்பது ஒன்று. இவர் தப்பு செய்தாரா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அன்றே பதில் சொல்ல முடியும்: காரணம் தெரியும்வரை ஓட்ட வேண்டாம். இரண்டாவதுக்கு அவசரம் இல்லை. ஆகவே ‘தற்காலிகமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தகுதியில்லை, மறு ஆய்வு நிலுவையில்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தோம். காரணம் எதுவும் அதில் எழுதவில்லை. சஸ்பென்ஷனை நிறுத்திவைக்கச் சொன்னோம். அதற்கு அவர்கள் அன்று சம்மதிக்கவில்லை.

நேர்காணல்

அன்று மதியம் அவர் கிளினிக்குக்கு வந்தார், மனைவியோடு. முந்தைய இரவு கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ். ‘எங்கே போடச் சொன்னாங்களோ அங்கே போட்டேன் மேடம்’ என்றார்.

இந்த மாதிரி நேர்காணலில் ‘என்ன போதை எடுத்தீங்க?’ என்று ஆரம்பித்தால் கதவு அடைத்துவிடும். கடந்த மூன்று நாளில் சாப்பிட்டது, குடித்தது, போட்ட மாத்திரை, தூங்கிய நேரம் என்று நாள்வாரியாகக் கேட்டோம். இருமல் மருந்து இல்லை. வலி மாத்திரை இல்லை. ஊசி எதுவும் போடவில்லை. காசநோய் சிகிச்சை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவில் ஒரு கன்னடக் குடும்பத்தின் புதுமனைப் புகுவிழா. அங்கே சாப்பாடு. பாயசம் நன்றாக இருந்ததால் மூன்று தடவை வாங்கிக் குடித்திருக்கிறார். மிச்சத்தை அந்த வீட்டு அம்மா ஒரு தூக்கில் ஊற்றிக் கொடுத்தாராம். திங்கள் காலையில் அதையும் காலி செய்திருக்கிறார்.

‘என்ன பாயசம்?’ என்று கேட்டதற்கு மனைவிதான் பதில் சொன்னார்: ‘கசகசாப் பாயசம்ங்க. இங்க எல்லா விசேஷத்துக்கும் அதான் வைப்பாங்க.’

கர்நாடகத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கசகசாவை லேசாக வறுத்து, ஊறவைத்த அரிசியோடும் தேங்காயோடும் அரைத்து, வெல்லம் போட்டுக் கொதிக்கவைப்பது. குடித்தால் மத்தியானம் நல்ல தூக்கம் வரும் என்று வீடுகளில் சொல்வார்கள். நம் குருமாவில் சேர்ப்பது ஒரு ஸ்பூன் என்றால் இதில் கசகசாதான் பாதிப் பண்டம்.

கசகசா அபினிச் செடியின் விதை. விதைக்குள் மார்ஃபின் கிட்டத்தட்ட இல்லை. காயைக் கீறும்போதும் உடைக்கும்போதும் வடியும் பால் விதையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. நன்றாகக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். ஊறவைத்த தண்ணீரோடு சேர்த்து அரைத்தால் போகாது. இந்தியாவில் அபினிச் செடி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமத்தோடு மட்டும் பயிராகிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அறுவடைக்குப் பிந்தைய அபினிச் செடியின் பாகங்களை வரையறுக்கும்போது விதையை வெளியே விட்டுவிட்டது. மளிகைக் கடையில் அது பகிரங்கமாகக் கிடைப்பது அதனால்தான்.

இந்தக் குழப்பம் புதிதும் இல்லை. அமெரிக்க அரசுப் பணிகளுக்கான சோதனையில் ஓபியேட்டுக்கான (மார்ஃபின் போன்ற அபினிப் பொருட்கள்) முதல்கட்ட எல்லை, அதாவது பாசிட்டிவ் என்று கொள்ளத் தொடங்கும் அளவு, ஒரு காலத்தில் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமாக இருந்தது. கசகசா சாப்பிட்டவர்கள் மாட்டிக்கொண்டே இருந்ததால் 1998-இல் அதை 2,000 ஆக உயர்த்தினார்கள். 2023 பிப்ரவரியில்கூட அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் படையினரைக் கசகசா சேர்த்த பண்டங்களைத் தவிர்க்கச் சொன்னது. அந்த ஓ.எச்.சி. அலமாரியில் இருந்த கிட்டின் மார்ஃபின் பட்டை 300-க்கானது. பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

மாதிரியை அனுப்புவதா, வேண்டாமா

கப்பில் மிஞ்சியதை நர்ஸ் ஒரு பாட்டிலில் ஊற்றி, பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். (டெட்டனஸ் ஊசிகளுக்குப் பக்கத்தில். அதையும் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.) சீல் இல்லை. தொழிலாளியின் முன்னிலையில் மூடியதற்குக் கையெழுத்து இல்லை. எடுத்த உடன் வெப்பநிலை பார்க்கவில்லை; நான்கு நிமிடத்துக்குள் பார்த்து 32-லிருந்து 38 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால்தான் அப்போது கழித்தது என்று சொல்லலாம். மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றை அவருக்காக வைக்கவும் இல்லை.

இப்படிப்பட்ட மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாமா என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. அனுப்பக்கூடாது என்பதற்கு வலுவான காரணம் இருந்தது: யார் கை பட்டது என்று தெரியாத மாதிரியில் எது வந்தாலும் அதை ஒருவர் மேல் குற்றமாகப் போட முடியாது. ஆனால் அனுப்பாமல் விட்டால், வாட்ஸாப்பில் சுற்றிய அந்தப் படம்தான் கடைசி வார்த்தையாக நின்றுவிடும். புதிதாக எடுக்கும் மாதிரி நெகட்டிவ் வந்தாலும் ‘அதுக்குள்ள இறங்கியிருக்கும்’ என்பார்கள், அப்படிச் சொல்வதில் தப்பும் இல்லை.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுப்பினோம். முடிவு எப்படி வந்தாலும் அதைத் தண்டனைக்கு ஆதாரமாகப் பயன்படுத்த மாட்டோம் என்று நிர்வாகம் முதலில் எழுதிக் கொடுத்தது. தொழிலாளியிடம் அதைத் தமிழில் படித்துக் காட்டி, அவர் சம்மதத்தோடுதான் பாட்டில் கிளம்பியது. புதிய மாதிரியையும் முறைப்படி எடுத்தோம். அதில் எல்லாப் பட்டைகளிலும் கோடு விழுந்தது.

இதற்கிடையில் யூனியனிலிருந்து ஒருவர் வந்து ஒரு யோசனை சொன்னார்: அதே பாயசத்தைக் காய்ச்சி நாலு பேர் குடித்து, எல்லோருக்கும் சோதனை செய்து காட்டலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவருடைய வழக்கைத் தீர்க்க நாலு பேர் தங்கள் சிறுநீரைக் கம்பெனியிடம் கொடுப்பதை ஒரு மருத்துவர் ஏற்பாடு செய்யக்கூடாது. அந்த நாலு பேரில் ஒருவருக்கு வேறு ஏதாவது வந்தால் என்ன செய்வது? வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஆய்வக முடிவு

நாலு வேலை நாளில் முடிவு வந்தது. மார்ஃபின் மில்லிலிட்டருக்கு 410 நானோகிராம். அபினியில் உள்ள இன்னொரு பொருளான கோடீன் 38. ஹெராயினை மட்டுமே காட்டும் 6-மோனோ அசிட்டைல் மார்ஃபின் இல்லை. கிரியாட்டினின் அளவு சாதாரணம். தண்ணீர் கலந்த அறிகுறி இல்லை.

கோடீனை எடுத்தவர்களின் உடலில் அதில் ஒரு பகுதி மார்ஃபினாக மாறும், ஆனால் பொதுவாகக் கோடீன்தான் அதிகமாகத் தெரியும். இங்கே மார்ஃபின் தூக்கலாகவும் கோடீன் சொற்பமாகவும் இருந்தது. இது கசகசாவோடு பொருந்தும் அமைப்பு. பொருந்தும் என்றுதான் எழுதினோம், கசகசாதான் என்று எழுதவில்லை. ஹெராயின் குறியீடு சில மணி நேரத்தில் மறைந்துவிடும், அது இல்லாததே எதையும் நிரூபிக்காது. ஆனால் உணவு வரலாறு, மருத்துவப் பரிசோதனை, கையில் ஊசித் தழும்பு இல்லாமை, இந்தக் குறைந்த அளவு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தவறான பயன்பாடு என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. 2,000 எல்லை வைத்த கிட்டாக இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

நிர்வாகத்துக்கு எண்களை அனுப்பவில்லை. ‘மருத்துவ மறு ஆய்வில் தவறான பயன்பாடு உறுதியாகவில்லை’ என்ற ஒரு வரிதான் போனது. விளக்கக் கூட்டத்தில், தொழிலாளியின் அனுமதியோடு, பாயச விஷயத்தைச் சொன்னோம். பெர்சனல் மேனேஜர் மண்டியா பக்கத்துக்காரர். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, ‘அப்படின்னா எங்க வீட்ல எல்லாருமே பாசிட்டிவ்தான்’ என்றார். அதுவரை நாங்கள் சொன்ன எந்த எண்ணையும்விட அதுதான் அந்த அறையில் வேலை செய்தது.

அப்படியானால் வண்டி ஏன் மோதியது?

சிறுநீரில் மார்ஃபின் எப்படி வந்தது என்பது ஒருவழியாகத் தீர்ந்தது. வண்டி ஏன் மோதியது என்ற கேள்வி அப்படியே இருந்தது. ஒரு சிறுநீர்ச் சோதனை, இன்னது உடம்பு வழியாகப் போயிருக்கிறது என்று சொல்லும். ஓட்டிய நேரத்தில் அவர் நிதானத்தில் இருந்தாரா என்று அது சொல்லாது.

இதற்கான துப்பு, ஓபியேட் சந்தேகத்தைத் தீர்க்க அவரிடம் கேட்ட மாத்திரை அட்டையில் கிடைத்தது. வீட்டிலிருப்பதை எல்லாம் கொண்டுவாருங்கள் என்றோம். மனைவி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொட்டினார். அதில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, காலையும் இரவும், சாப்பாட்டுக்கு முன். இரண்டு மாதம் முன்புதான் வீட்டருகே ஒரு டாக்டர் சர்க்கரை இருக்கிறது என்று ஆரம்பித்திருக்கிறார். தொழிற்சாலையின் ஆண்டுப் பரிசோதனை அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் பதிவில் இல்லை. அவரும் சொல்லவில்லை. ‘சுகர்னு சொன்னா வண்டியில இருந்து இறக்கிடுவாங்கன்னு பயம்’ என்றார்.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று மறுபடியும் கேட்டோம். ஏழு மணிக்கு வழக்கம்போல மாத்திரை போட்டிருக்கிறார். ஏழரைக்குச் சாப்பாட்டு இடைவேளை. அன்று ஒரு கன்டெய்னர் கிளம்ப வேண்டியிருந்ததால் இடைவேளையைத் தள்ளிப்போட்டார்கள். எட்டரை வாக்கில் கை நடுங்கியது, வேர்த்தது, கண் மங்கியது. அதற்கு அடுத்து நினைவில் இருப்பது ரேக் சத்தம். அப்புறம் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ.

கிளிமிபிரைட் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். தாழ்ந்தவர் குழறுவார், மந்தமாகத் தெரிவார், குடித்தவர் போலவே இருப்பார். அன்று இரவு ஓ.எச்.சி. மேசையில் குளூக்கோமீட்டர் இருந்தது. யாரும் விரலில் குத்திப் பார்க்கவில்லை. ஆகவே இதுவும் நிரூபணமாகாத ஒன்றுதான். ஆனால் இருப்பதில் மிகவும் பொருந்தும் விளக்கம் இது என்று பதிவு செய்தோம். பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றையும் சேஃப்டி ஆபீசர் தனியாகப் பார்த்தார், கோளாறு இல்லை.

எடுத்த முடிவுகளும் நடந்ததும்

சர்க்கரை நோயை நிர்வாகத்திடம் சொல்வதா என்பதை அவரிடமே விட்டோம். இரண்டு நாள் யோசித்துவிட்டு, சாப்பாட்டு நேரம் தள்ளக்கூடாது என்ற அளவுக்கு மட்டும் சொல்லலாம் என்றார். சான்றிதழில் அப்படியே எழுதினோம்: ‘கட்டுப்பாட்டுடன் தகுதி, உணவு இடைவேளையைத் தள்ளிவைக்கக்கூடாது.’ அவருடைய டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினோம். அவர் கிளிமிபிரைடை நிறுத்தி, தனியாகச் சர்க்கரையைத் தாழ்த்தும் வாய்ப்புக் குறைவான வேறு மருந்துக்கு மாற்றினார். நாலு வாரம் ஸ்டோரில் வண்டி ஓட்டாத வேலை. வீட்டிலும் ஷிஃப்டிலும் எடுத்த சர்க்கரை அளவுகள் நிலையாக இருந்த பிறகு மீண்டும் ஃபோர்க்லிஃப்ட்.

நோட்டீஸை எழுத்துமூலம் திரும்பப் பெற்றார்கள். சஸ்பென்ஷன் நாட்களை வேலை நாட்களாகக் கணக்கிட்டு முழுச் சம்பளம் கொடுத்தார்கள். ஓவர்டைம் இழப்பு திரும்பவில்லை. படத்தை அனுப்பியவரைத் தேடுவதாகச் சொன்னார்கள், அது அப்படியே நின்றுபோனது. ஷிஃப்டில் அவருக்குப் ‘பாயசம்’ என்று பெயர் விழுந்துவிட்டது. கேலியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அவர் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாற்றியதும் மாறாததும்

விபத்துக்குப் பிறகு ஓ.எச்.சி.யில் செய்ய வேண்டிய வரிசை மாறியது. முதலில் நினைவு, நாடி, ரத்த அழுத்தம், விரல் நுனியில் சர்க்கரை. பிறகு மூச்சில் ஆல்கஹால். அதன் பிறகே சிறுநீர், அதுவும் சூழ்நிலை கேட்டால் மட்டும். ஆல்கஹால் முன்னால் நிற்பதற்குக் காரணம் உண்டு: மத்தியச் சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி 10 வயது முதல் 75 வரையிலானவர்களில் மது குடிப்பவர்கள் 14.6 விழுக்காடு, ஓபியாய்டு (அபினி, ஹெராயின், அந்த வகை மருந்துகள்) எடுப்பவர்கள் 2.1 விழுக்காடு. பயம் எங்கே இருக்கிறதோ அங்கே பணத்தைப் போடுகிறோம். பிரச்சினை இருப்பது வேறு இடத்தில்.

மாதிரி இரண்டாகப் பிரிக்கப்படுகிறது, கொடுத்தவர் முன்னால் சீல் வைக்கப்படுகிறது. கோடு விழாத பட்டைக்கு ‘மறு ஆய்வு தேவை’ என்று மட்டும் எழுதுகிறார்கள். முடிவு எங்கள் மருத்துவருக்கே நேராக வருகிறது. ஓ.எச்.சி.க்குள் கைபேசிக் கேமரா கூடாது. ஒப்புதல் படிவம் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கிறது. உண்மையாகவே போதைப் பழக்கம் தெரிந்தால் முதலில் பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் போதை மருத்துவ மையம் போன்ற இடத்துக்குச் சிகிச்சைக்கு அனுப்புவது, ஒழுங்கு நடவடிக்கை அதற்குப் பிறகு என்பதை எழுத்தில் சேர்க்க நிறையப் பேச வேண்டியிருந்தது. ஒரு தடவைக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

300 எல்லைக் கிட்களைத் திருப்பி அனுப்பச் சொன்னோம். பர்சேஸ் பிரிவு ஸ்டாக் தீரட்டும் என்றது; தீர்ந்த பிறகுதான் 2,000 எல்லைப் பெட்டிகள் வந்தன. இன்னொரு விஷயத்தில் இன்றுவரை அசைவு இல்லை. புதிய நடைமுறை நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும்தான். கான்ட்ராக்டர் மூலம் வரும் லோடர்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் கப்பில் கோடு விழாவிட்டால் ஆய்வகமும் இல்லை, நேர்காணலும் இல்லை. கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பில் அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். செலவு யார் கணக்கில் என்பதில் கம்பெனியும் கான்ட்ராக்டரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.